வெளி ஹேங்கரில் சி-செக்: காசுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும்

விமானத்தை ஓட்டுவது ஒரு நிறுவனம், அதைக் கழற்றி மாட்டுவது இன்னொரு நிறுவனம். பெரிய பராமரிப்பு வேலைகள் இன்று பெருமளவுக்கு இப்படித்தான் நடக்கின்றன. இங்கே மதிப்பிடுவது எந்தத் தனி ஹேங்கரையும் (விமானப் பராமரிப்புக் கூடத்தையும்) அல்ல. விமான நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கும் இந்த வகைச் சேவையையே எடுத்துக்கொள்வோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆள்பலமும் கருவிகளும் நன்று, உலோக வேலை பெரும்பாலும் நன்று, ஷிஃப்ட் மாறும் நேரம் பலவீனம். பொறுப்பையும் சேர்த்து வாங்கிவிட்டோம் என்று நினைக்கிற நிறுவனத்துக்கு இது ஆபத்தான சேவை.

தொகுப்பில் என்ன வருகிறது என்று பார்ப்போம். சி-செக் என்பது ஏறத்தாழ 18 முதல் 24 மாதங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய பராமரிப்புச் சோதனை. விமான வகையையும் பறந்த மணிகளையும் பொறுத்து மாறும். உடற்கட்டமைப்பை முழுவதுமாகத் திறந்து பார்க்கும் கனச் சோதனை 6 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. விமானம் வந்ததும் எரிபொருளை வடித்து, ஜாக்கில் ஏற்றி, பேனல்களையும் தரைப் பலகைகளையும் இருக்கைகளையும் கழற்றுவார்கள். பிறகு பார்வைச் சோதனை. அதில் அகப்படும் ஒவ்வொரு விரிசலுக்கும் அரிப்புக்கும் தனி அட்டை எழுதுவார்கள். சரிசெய்தல், மூடுதல், இயக்கிப் பார்த்தல், என்ஜினை ஓட்டிப் பார்த்தல், கடைசியாக விடுவிப்புச் சான்று.

விலைப்பட்டியலில் பளிச்சென்று தெரிவது திட்டமிட்ட வேலைகளின் தொகை. உண்மையான செலவும் நாட்களும் ஒளிந்திருப்பது அந்தத் தனி அட்டைகளில்தான். சமையலறைப் பகுதிக்கும் கழிவறைக்கும் அடியில் உள்ள தரைத் தாங்கிகளில் ஈரம் இறங்கி அரிப்பு பிடிப்பது வழக்கமான விஷயம். அது 3ஆம் நாளில் தெரிந்தால் பாகம் வரவழைத்துவிடலாம். 12ஆம் நாளில் தெரிந்தால் ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போகும், அல்லது யாராவது அவசரப்படுவார்கள். நல்ல ஹேங்கர் ஒன்றை அடையாளம் காண இதுவே போதும்: வேலை நாட்களின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எல்லாப் பார்வைச் சோதனைகளையும் முடித்துவிடுவார்கள். ஒரு பக்கம் திறந்துகொண்டே மறுபக்கம் மூடிக்கொண்டு போகிற இடத்தில் அட்டவணை அழகாகத் தெரியும். கண்டுபிடிப்புகள் மட்டும் கடைசி வாரத்தில் வந்து குவியும். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதும் விமான நிறுவனம், கண்டுபிடிப்பு எத்தனை சதவீதம் கூடினால் நாட்கள் எவ்வளவு கூடும் என்பதையும் எழுதியாக வேண்டும். அது இல்லாத அபராத விதி, விரிசலைப் பார்த்தும் பார்க்காமல் விடுவதற்குக் கொடுக்கிற ஊக்கத்தொகை.

இனி பொறுப்பு. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பு இதில் குழப்பம் எதையும் விட்டுவைக்கவில்லை: விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருப்பதை உறுதிசெய்வது அதை இயக்கும் நிறுவனத்தின் கடமை. ஹேங்கர் கொடுக்கும் விடுவிப்புச் சான்று சொல்வது மிகச் சிறியது. குறிப்பிட்ட இந்த வேலைகள் அங்கீகரிக்கப்பட்ட கையேட்டின்படி முடிந்தன, அவ்வளவுதான். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும், ஒழுங்குமுறை அமைப்பின் கட்டாய ஆணைகளில் எவை நிலுவையில் உள்ளன, எந்தப் பாகத்தின் ஆயுள் எப்போது முடிகிறது என்பதெல்லாம் விமான நிறுவனத்தின் கணக்கு. ஹேங்கருக்கும் தனிப் பொறுப்பு உண்டு; சான்றில் கையெழுத்திடும் உரிமம் பெற்ற பொறியாளருக்கும் உண்டு. ஆனால் இவை மேலே மேலே அடுக்கப்படுபவை. ஒருவரிடம் கொடுத்ததால் இன்னொருவரிடம் குறைவதில்லை.

1996 மே 11 அன்று ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்த வேல்யூஜெட் 592 இதற்கான பாடம். பயணிகளின் முகமூடிகளுக்கு ஆக்ஸிஜன் தரும், காலாவதியான ரசாயன ஜெனரேட்டர்களை ஒப்பந்த ஹேங்கர் வேறு விமானங்களிலிருந்து கழற்றியது. அவற்றின் வெடிமுனைக்குப் பாதுகாப்பு மூடி போட வேண்டும் என்று வேலை அட்டையில் இருந்தது. மூடிகள் கைவசம் இல்லை. இருந்தும் அந்த வரியில் கையெழுத்து விழுந்தது. அவற்றின் பெட்டிகள் காலியானவை என்ற குறிப்போடு 592இன் சரக்கறைக்குப் போயின. அது தீ கண்டறியும் கருவியோ அணைக்கும் கருவியோ இல்லாத சரக்கறை. 110 பேர் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணங்களில் மூன்று தரப்பையும் சேர்த்தது: ஜெனரேட்டர்களைச் சரியாகக் கட்டி அடையாளமிடாத ஹேங்கர், ஒப்பந்ததாரரை மேற்பார்வை செய்யாத விமான நிறுவனம், சரக்கறைக்குத் தீ எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்காத ஒழுங்குமுறை அமைப்பு. ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி கிடங்கில் இருந்திருக்க வேண்டும். அதை வாங்கி வைப்பது யார் வேலை என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சேவையை வாங்குபவர் படிக்க வேண்டிய பக்கம் இதுதான்: நுகர்பொருட்களை யார் தருவது, இல்லாதபோது வேலையை யார் நிறுத்துவது.

ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2003 ஜனவரி 8 அன்று விழுந்து 21 பேரைப் பலிகொண்ட ஏர் மிட்வெஸ்ட் 5481 விமானத்தில், எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டை) இயக்கும் கம்பியைத் தவறாகச் சரிசெய்திருந்தார்கள். மூக்கைக் கீழே இறக்கும் அசைவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பணிபுரிந்தபடியே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மெக்கானிக் கையேட்டின் சில படிகளைத் தாண்டினார். பயிற்சி கொடுத்தவரே வேலையைப் பரிசோதித்தவரும். விமான நிறுவனம் ஒருவருக்குக் கொடுத்த வேலைக்கு ஆள் அனுப்பியது இன்னொருவர். எனவே ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஹேங்கரில் நிற்பவர்களில் நிரந்தர ஊழியர் எத்தனை பேர்? இந்த விமான வகைக்கு உரிமம் உள்ளவர் இரவு ஷிஃப்டில் எத்தனை பேர்? ஒரே ஆள் செய்து அவரே சரிபார்க்கும் வேலைகள் எவை? இரண்டாவது கேள்விக்குப் பகல் ஷிஃப்டின் எண்ணிக்கையைச் சொல்லிச் சமாளிக்கும் விற்பனைப் பிரிவினர் உண்டு.

சொந்த ஹேங்கர் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடல் வெளியே தொங்கியபடி உயிர்பிழைத்தார். கண்ணாடியைப் பிடித்த 90 போல்ட்களில் 84 தேவையான விட்டத்தைவிடச் சிறியவை, மீதி 6 நீளம் குறைந்தவை. விட்டத்தில் வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 26 பங்கு மட்டுமே. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவர் அந்த ஷிஃப்டின் மேலாளர். இன்னொருவர் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் முன் கண்ணாடி இல்லை. அது நிறுவனத்தின் சொந்தப் பராமரிப்பு. சொந்தமா வெளியா என்பதைவிட, பாகத்தின் எண்ணைப் பட்டியலில் பார்த்து எடுக்கும் பழக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஷிஃப்ட் ஒப்படைப்புதான் இந்தச் சேவையின் மிக மோசமான அம்சம். அதை எந்த விலைப்பட்டியலிலும் காண முடியாது. 1991 செப்டம்பர் 11 அன்று கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விமானத்தின் கிடைமட்ட வாலில், முன்விளிம்பின் மேற்புற 47 திருகுகள் இல்லாமல் விமானம் பறந்தது. ஒரு ஷிஃப்ட் கழற்றியது. கழற்றியதை அட்டையில் எழுதவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு மேலே திருகு இல்லை என்பது தெரியாது. தரையிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. 14 பேர் இறந்தார்கள். தீர்வு பழைய தீர்வுதான்: கழற்றும்போதே கழற்றியதை எழுதுவது, ஒவ்வொரு படிக்கும் தனிக் கையெழுத்து, திருகுகளைப் பேனல் எண் எழுதிய பையில் போட்டு அந்தப் பேனலிலேயே கட்டுவது, இரண்டு ஷிஃப்டுகளும் விமானத்தின் அடியில் நின்று அரை மணி நேரம் சேர்ந்திருப்பது. அந்த அரை மணி நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். ஷிஃப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் சரியாக 8 மணி நேரமாக ஓடும் ஹேங்கரில், ஒப்படைப்பு என்பது மேசையில் விட்டுச்செல்லும் ஒரு தாள்.

இடத்தைக் குழப்பிக்கொள்வதும் நடக்கும். 2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய ஏ-319 விமானத்தில், இரண்டு என்ஜின்களின் விசிறி மூடிகளும் தாழிடப்படாமல் இருந்து பறந்துபோயின. இரவில் என்ஜினின் மின் ஜெனரேட்டர் எண்ணெய் அளவைப் பார்க்க மூடியைத் திறந்தவர்கள், எண்ணெய் ஏற்றும் கருவியை எடுக்கப் போனார்கள். திரும்பிப் போய் நின்றது வேறொரு விமானத்தின் அருகில். அங்கே மூடிகள் தாழிட்டு இருந்தன. யாரோ முடித்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். அந்தத் தாழ்ப்பாள்கள் என்ஜினின் அடிவயிற்றில் இருப்பவை. குனிந்து, ஏறத்தாழ மண்டியிட்டால்தான் தெரியும். வால் எண்ணை (விமானத்தின் பதிவு எண்ணை) படித்து அட்டையோடு ஒப்பிட்ட பிறகே கை வைப்பது என்ற விதி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். அது தேவைப்படுவது இதற்காகத்தான்.

ஹேங்கர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அட்டவணையே தவறாக இருந்தால் பயனில்லை. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, 2000 ஜனவரி 31, 88 பேர் பலி. எம்டி-83 வகையின் கிடைமட்ட வாலை அசைக்கும் திருகுத் தண்டான ஜாக்ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் போதாமல், அதைப் பிடித்திருந்த நட்டின் புரிகள் முழுவதும் தேய்ந்து உரிந்தன. கிரீஸ் போடும் இடைவெளியை விமான நிறுவனம் 8 மாதங்களாக நீட்டியிருந்தது, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு. தேய்மானத்தை அளக்கும் சோதனையின் இடைவெளியும் நீண்டிருந்தது. 1997 செப்டம்பரில் நடந்த சி-செக்கில் தேய்மானம் 0.040 அங்குலம், அதாவது அனுமதித்த எல்லையிலேயே நின்றது. மறுபடி அளந்தபோது 0.033 வந்தது, நட்டு மாற்றப்படாமல் விமானம் போனது. எல்லையைத் தொட்ட அளவீட்டை மறுபடி அளந்து சிறிய எண்ணை எடுத்துக்கொள்வது எங்கும் வரக்கூடிய சபலம். விமான நிறுவனத்தின் பிரதிநிதி ஹேங்கரில் கேட்க வேண்டியது இதைத்தான்: எல்லைக்கு அருகில் வந்த அளவீடுகளின் பட்டியல் எங்கே, இரண்டு எண்களும் எழுதப்பட்டுள்ளனவா.

அளவீடு என்றதும் முறுக்குவிசை நினைவுக்கு வர வேண்டும். மிகச் சாதாரணமாகத் தவறுவது இங்கேதான். முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சின் நுனியில் நேர்கோட்டில் நீட்டிப்பு மாட்டினால், கருவி காட்டும் எண்ணைவிடப் போல்ட்டில் விழும் முறுக்கு அதிகம். ரெஞ்சின் நீளத்தை, ரெஞ்சும் நீட்டிப்பும் சேர்ந்த நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் கையேட்டின் எண்ணைப் பெருக்கி வருவதைத்தான் கருவியில் வைக்க வேண்டும். நீட்டிப்பை 90 பாகையில் மாட்டினால் இந்தக் கணக்கு தேவையில்லை. சுயமாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுக்கு, அது சும்மா சுழலவே எடுக்கும் முறுக்கையும் கூட்ட வேண்டும் என்று கையேடு சொல்லும் இடங்கள் உண்டு. உலர் புரிக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் தடவிய புரிக்குப் பயன்படுத்தினால் போல்ட் இழுபட்டு நீளும். போல்ட் தளராமல் கட்டும் கம்பியான லாக்வயர் போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும், 0.032 அங்குலக் கம்பியை அங்குலத்துக்கு 6 முதல் 8 முறை முறுக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிய லாக்வயர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கசிவை அடைக்கும் பசையான சீலன்ட்டின் டப்பாவில் பி-2 என்று இருந்தால், பி அதன் தடிமன் வகை, 2 என்பது கலந்த பிறகு பூசக்கூடிய மணி நேரம். அது காய்ந்து இறுக எடுக்கும் காலம் அதைவிடப் பல மடங்கு அதிகம், குளிர்ந்த ஹேங்கரில் இன்னும் அதிகம். எரிபொருள் தொட்டியை அவசரமாக மூடினால் முதல் வாரத்திலேயே கசியும்.

பாகங்களின் காகிதத்தை நம்புவதிலும் எல்லை உண்டு. 1989 செப்டம்பர் 8 அன்று கடலில் விழுந்த பார்ட்நேர் 394 விமானத்தில் செங்குத்து வாலைப் பிடித்திருந்தவற்றில் தரமற்ற போலிப் போல்ட்கள் இருந்தன. 55 பேர் இறந்தார்கள். 2023இல் சிஎஃப்எம்56 என்ஜின்களுக்குப் போலிச் சான்றுகளோடு பாகங்கள் விற்கப்பட்டது தெரியவந்து, பல நிறுவனங்கள் என்ஜின்களைக் கழற்ற வேண்டிவந்தது. சான்றில் உள்ள வரிசை எண்ணை, அதை வழங்கியதாகச் சொல்லப்படும் நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்ப்பது சில நிமிட வேலை. நல்ல ஹேங்கரில் வந்த பாகம், சோதிக்கப்பட்ட பாகம், ஒதுக்கிய பாகம் என மூன்று தனிப் பூட்டிய இடங்கள் இருக்கும். ஒதுக்கிய பாகத்தை உடைத்தோ வெட்டியோ அழிக்காமல் குப்பையில் போடும் இடத்தை விட்டு விலகுங்கள்.

நல்ல பாகமே தவறான துணையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர் டிரான்சாட் 236. 2001 ஆகஸ்டில் ஏ-330இன் என்ஜினை மாற்றியபோது, திருத்தப்பட்ட வடிவமைப்புக்குரிய ஹைட்ராலிக் பம்போடு பழைய வடிவமைப்புக்குரிய எரிபொருள் குழாய் சேர்ந்தது. ஹைட்ராலிக் குழாயும் எரிபொருள் குழாயும் உரசி, எரிபொருள் குழாய் கிழிந்தது. அட்லான்டிக் மேல் இரண்டு என்ஜினும் நின்று, 306 பேரோடு விமானம் மிதந்தபடி அசோர்ஸ் தீவில் இறங்கியது. பாகத்தின் எண் ஒன்றானாலும் திருத்த நிலை வேறாக இருக்கலாம். அட்டையில் அந்த நிலையை எழுதும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கட்டமைப்புப் பழுதுபார்ப்புக்கு உத்தரவாதக் காலம் என்று ஒன்றைப் பேசுவதே பொருந்தாது. 1978இல் வால் தரையில் உரசிய 747 ஒன்றின் பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரை, தயாரிப்பு நிறுவனத்தின் குழுவே சரிசெய்தது. தொடர்ச்சியான ஒரே தகடு வர வேண்டிய இடத்தில் அதை இரண்டாக வெட்டி வைத்தார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கியது. 12,000-க்கும் மேற்பட்ட பறப்புகளுக்குப் பிறகு, 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 ஆக அது உடைந்தது; 520 பேர். 1980இல் வால் உரசலுக்கு ஒட்டுத்தகடு போட்ட இன்னொரு 747, 22 ஆண்டுகள் பறந்து, 2002 மே 25 அன்று சைனா ஏர்லைன்ஸ் 611 ஆகச் சிதறியது; 225 பேர். இரண்டிலும் வெளியே பார்த்தால் ஒட்டு ஒழுங்காகவே தெரிந்திருக்கும். ஆகவே ஹேங்கர் ஒட்டும் ஒவ்வொரு தகட்டுக்கும் வரைபடம், ரிவெட் அளவு, மூடுவதற்கு முன் எடுத்த படம், யார் ஒப்புதல் கொடுத்தது என்ற தாள் ஆகிய நான்கும் விமான நிறுவனத்தின் கோப்புக்கு வர வேண்டும். அவற்றை வைத்திருக்க வேண்டிய காலம் விமானத்தின் ஆயுள் முழுவதும்.

ஒரே தவறை எல்லா என்ஜினிலும் செய்யாமல் தடுக்கும் விதியையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். 1983 மே 5 அன்று ஈஸ்டர்ன் 855இன் மூன்று என்ஜின்களிலும் உலோகத்துகள் கண்டறியும் கருவியை மாட்டியபோது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) வைக்கவில்லை. மூன்றிலும் எண்ணெய் வடிந்தது. நிறுத்திய ஒன்றை மறுபடி ஓடவைத்து மயாமியில் இறங்கினார்கள். இரண்டு என்ஜின்களிலும் ஒரே வேலை என்றால் இரு வேறு ஆட்கள், முடிந்தால் இரு வேறு நாட்கள்.

விமானத்தைத் திரும்பப் பெறும் நாளில் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. 1996 அக்டோபர் 2 அன்று ஏரோபெரு 603இல், கழுவி மெருகேற்றும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தை அறியும் நிலையழுத்தத் துளைகளில் ஒட்டிய வெள்ளி நிறப் பட்டை அப்படியே இருந்தது. உயரமும் வேகமும் தவறாகக் காட்டி 70 பேரோடு கடலில் விழுந்தது. அப்படி ஒட்டும் பட்டை கண்ணில் குத்தும் நிறத்தில், தொங்கும் கொடியோடு இருக்க வேண்டும். 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் 522இல், தரையில் காற்றழுத்தக் கசிவுச் சோதனை முடிந்த பிறகு அழுத்தக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் கைமுறை நிலையிலேயே விடப்பட்டது, விமானிகளும் கவனிக்கவில்லை. 121 பேர் இறந்தார்கள். ஏற்பு நாளில் துளைகள், காக்பிட்டின் ஒவ்வொரு ஸ்விட்ச், எண்ணிக் கொடுத்த கருவிகளின் பலகை, திறந்த பேனல்களின் எண்ணிக்கையும் மூடிய பேனல்களின் எண்ணிக்கையும், இந்த வரிசையில் பாருங்கள். ஒரு கருவி காணவில்லை என்றால் அது கிடைக்கும்வரை விமானம் நகரக் கூடாது.

ஹேங்கர் சில குறைகளைச் சரிசெய்யாமல் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலின் (எந்தக் குறையோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) கீழ் தள்ளிவைத்துக் கொடுக்கலாம். பி வகைக் குறைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. சி-செக் முடித்து வரும் விமானத்தில் பி வகைத் தள்ளிவைப்பு இருந்தால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது ஏற்க வேண்டாம். முதல் சில வாரங்களின் பதிவேட்டில் வரும் குறைகளை, ஹேங்கர் கை வைத்த பகுதிகளோடு ஒப்பிட்டுத் தனியாக எழுதி வையுங்கள். அடுத்த விமானத்தை அனுப்பும்போது விலை பேச அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. உத்தரவாதம் என்று ஒப்பந்தத்தில் இருப்பது தவறிய வேலையை மறுபடி செய்து தருவதற்கு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் விமானத்தை அதே ஹேங்கருக்குக் கொண்டுபோனால். கொண்டுபோகும் எரிபொருளும் நின்ற நாட்களும் யார் கணக்கு என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.